சேதாரக் கணக்கு

எங்கள் மட்டாஞ்சேரி வீட்டு முன்னறையில் ஒரு முக்காலி கிடந்தது. வீட்டு மனிதர்கள் யாரும் அதில் உட்காரக் கூடாது. பாட்டா பொன்னைத் திருடுகிறாரா என்று பார்க்க வருகிறவர்களுக்காகப் பாட்டாவே தச்சனிடம் சொல்லிச் செய்து போட்டது அது.

பொன்னைக் கொடுத்துவிட்டு ‘செய்து வையுங்கள், அப்புறம் வருகிறேன்’ என்று எழுந்து போகிற வழக்கம் அன்று கிடையாது. காலையில் ஒரு பழைய காசுமாலையோடு வந்தால், அதை உருக்கி, தட்டி, கம்பி இழுத்து, சாயங்காலம் தராசுத் தட்டில் போடும்வரை அந்த வீட்டு ஆள் ஒருவர் முக்காலியில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது வேறு வேலை இல்லாத ஒரு மாமனாக இருக்கும். முதல் ஒரு மணி நேரம் பாட்டாவின் விரல்களைக் கண்கொட்டாமல் பார்ப்பார். உமிச் சட்டியின் சூட்டில் பதினொரு மணிக்கெல்லாம் தலை தொங்கிவிடும். ஆச்சி கட்டன்சாயாவோடு போய் எழுப்புவாள். “முழிச்சிருந்து பாத்துக்கிடுங்கோ. பொறவு எங்களச் சொல்லப்பிடாது.”

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்ற பழமொழி பாட்டாவின் காதுபடவே சொல்லப்படும். அவர் கோபித்துப் பார்த்ததில்லை. “எங்கம்மைக்குப் பொன்னே கிடையாதே, எதுல எடுக்க?” என்பார்.

தலையைக் கோதினால் சந்தேகம். ஈரத்துணியில் கை துடைத்தால் சந்தேகம். ஊதுகுழலைக் கவிழ்த்துத் தட்டினால், உள்ளே இருந்து எதையாவது எடுக்கிறாரோ என்று சந்தேகம். இதில் துளி உண்மை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேதாரம் என்று பேசிக்கொள்வது எங்கும் மாயமாகிவிடுவதில்லை. அரம் போடும்போது பறக்கும் பொடி பாயின் இடுக்கில் இருக்கும். நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் அந்தத் தண்ணீரில் இருக்கும். பாட்டாவின் வேட்டி மடிப்பிலும் இருக்கும். பட்டறையைப் பெருக்கிய மண்ணை ஆச்சி ஒரு குடத்தில் சேர்ப்பாள். அதை விலைக்கு வாங்கிப்போய், அரித்து, பாதரசம் விட்டுப் பொன்னைப் பிரிக்கிறவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டுத் தீபாவளி அந்தக் குடத்திலிருந்துதான் வரும். கூலியைக் குறைத்துப் பேசுகிறவனுக்கும் இது தெரியும். அதனால்தான் குறைத்துப் பேசினான். ஒரு பவுனுக்கு ஒரு குன்றிமணி சேதாரம் என்பது பாட்டாவின் கணக்கு. எட்டு கிராமுக்குச் சுமார் 130 மில்லிகிராம், அதாவது இரண்டு சதவீதம்கூட இல்லை. அதற்கே தெருவில் நின்று சத்தம் போடுவார்கள்.

பாட்டா நாகர்கோவில் வடசேரிக்காரர். கோயில் நகை செய்கிற ஊர் அது. வெள்ளியில் சட்டம் கட்டி, சிவப்புக் கெம்புக் கல்லை அரக்கில் இருத்தி, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அமுக்கி ஏற்றுகிற வேலை. ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ஜடைநாகம் என்று சாமிக்குச் செய்ததெல்லாம் பிறகு பரதநாட்டிய மேடைக்கு வந்தது. அந்த நகைகளுக்கு இன்று புவிசார் குறியீடுகூட இருக்கிறது. பாட்டா கிளம்பிய காலத்தில் இருந்ததோ கடன். திருவிதாங்கூரிலிருந்து கொச்சி ராஜ்யத்துக்கு வந்தார். 1949இல் இரண்டு ராஜ்யங்களையும் ஒன்றாக்கினார்கள். 1956 நவம்பர் 1 அன்று வடசேரி சென்னை மாநிலத்துக்கும் மட்டாஞ்சேரி கேரளத்துக்கும் போயின. இத்தனைக்கும் பாட்டா உட்கார்ந்த பாயைவிட்டு நகரவில்லை.

மட்டாஞ்சேரி அவருக்குப் புதுப் பாடம் வைத்தது. பச்சைக் கண்ணாடியில் பாலக்கா மாலை, நாகபடத்தாலி, மாங்காமாலை எல்லாம் இங்கே வந்து பழகியவை. நஸ்ராணிக் கிறிஸ்தவர் கல்யாணத்துக்கு மின்னு என்கிற தாலி: இலை வடிவத்தில் ஒரு துளித் தகடு, அதன்மேல் பொடிமுத்துகளாலேயே ஒரு சிலுவை. மந்திரகோடி என்கிற கல்யாணப் புடவையிலிருந்து உருவிய ஏழு நூலில் அதைக் கோத்துக் கட்டுவார்கள். யூதத் தெருப் பெண்களுக்கும் தாலி உண்டு. 1950களில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குக் கிளம்பியபோது அறுந்த கொக்கிகளைப் பற்றவைத்துத் தரச் சொல்லி வந்தார்களாம். செர்லாய்ப் பக்கத்துக் கொங்கணிகளுக்குச் சொந்தத் தட்டார்களே இருந்ததால் எங்களிடம் ரிப்பேர்தான் வரும். கடவுள் தகராறெல்லாம் வாசலோடு சரி. உள்ளே எல்லோருடைய தாலியும் ஒரே உமிச் சட்டியில்தான் வெந்தது. முக்காலியும் அதே முக்காலிதான். எந்த மதத்துக்காரரும் தட்டானை நம்பவில்லை.

அந்த மின்னுச் சிலுவைக்குப் பொடிமுத்து செய்வதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கம்பி அச்சில் ஒவ்வொரு ஓட்டையாக இழுத்து இழுத்துக் கம்பியைத் தலைமுடி அளவுக்குக் கொண்டுவருவார். அதைக் கத்தரியால் எள்ளளவு துண்டுகளாக நறுக்குவார். கரித்துண்டில் பரப்பி, ஊதுகுழலை வாயில் வைப்பார். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விட வேண்டும். கன்னத்தில் எப்போதும் காற்று தீராமல் இருக்க வேண்டும். நாகஸ்வரக்காரர்கள் செய்கிற அதே வித்தை. விளக்குச் சுடர் ஊசியாக வளைந்து துண்டின்மேல் விழும். துண்டு சிவக்கும், நடுங்கும், சட்டென்று தானே சுருண்டு உருண்டையாகிவிடும். அச்சோ உளியோ தேவையில்லை. உருகிய பொன்னுக்கு உருண்டையாக நிற்கத்தான் பிடிக்கும்.

அடுத்ததுதான் கஷ்டம். கடுகில் பாதிகூட இல்லாத இந்த முத்துகளைத் தகட்டில் வரிசையாக நிறுத்த வேண்டும். அதற்குப் பசை குன்றிமணிதான். சிவப்புத் தோலை நீக்கிய பருப்பைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் ஒரு பால் வரும். அதைத் தொட்டு முத்தை ஒட்டி, காய்ந்த பிறகு பற்றுப் பொடியும் வெண்காரமும் தூவி மறுபடி ஊத வேண்டும். பொன்னை நிறுக்கவும் குன்றிமணி, ஒட்டவும் குன்றிமணி. அரைத்து உள்ளே சாப்பிட்டால் ஆள் போய்ச்சேரவும் அதுவேதான் என்பதால் அந்த டப்பா மட்டும் பரணில் இருக்கும். பற்று உருகும் கணத்தில் தகட்டின் ஓரத்தில் ஒரு பளிச் ஓடும். அங்கே ஊதலை நிறுத்திவிட வேண்டும். அரை நொடி கூடினால் முத்து, தகடு, சிலுவை எல்லாம் சேர்ந்து ஒரே மொட்டையான குமிழ். முக்காலி மாமன் அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

1963 ஜனவரியில் அரசாங்கம் முக்காலியில் வந்து உட்கார்ந்தது.

சீன யுத்தம் முடிந்த கையோடு, மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14 காரட் என்றால் 58 சதவீதம் பொன், மீதி செம்பும் வெள்ளியும். தலைமுறை தலைமுறையாக எந்தக் குற்றத்தைத் தட்டான் செய்கிறான் என்று ஊரே காவல் காத்ததோ, அதை இனி கட்டாயம் செய் என்று அரசிதழில் உத்தரவு. செய்யாவிட்டால் தண்டனை. பாட்டாவுக்கு இது முதலில் புரியவே இல்லை. யாரோ ஆசாரிமாரைக் கேலி செய்ய எழுதிவிட்டதாக நினைத்தார்.

ஒருவரும் 14 காரட் நகை கேட்டு வரவில்லை. பட்டறையில் உமி குளிர்ந்தது. நாடெங்கும் லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் கைவேலை இழந்தார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. பாட்டா பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டார். அந்த ஆகஸ்டில் காமராஜ் திட்டத்தில் மொரார்ஜி பதவி விலகி டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்ததும், நம்ம தமிழ்க்காரர் பார்த்துக்கொள்வார் என்று ஆச்சி பகவதி கோயிலுக்கு விளக்கு நேர்ந்தாள். விதிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. 14 காரட் கட்டுப்பாடு 1966 நவம்பரில்தான் ஒழிந்தது. ஒழிந்த இடத்தில் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று வந்து 1990 வரை நின்றது. சான்றிதழ் பெற்ற பொற்கொல்லர் 100 கிராமுக்கு மேல் பொன் வைத்திருக்கக் கூடாது, வரவு செலவுக்குப் பதிவேடு வேண்டும் என்றெல்லாம் சட்டம். நூறு கிராம் பொன் எங்கள் வீட்டில் என்றைக்கு இருந்தது என்று ஆச்சி கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். வந்த அதிகாரி பாட்டாவின் மேல்துண்டைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை நகர்த்தினார். பாட்டாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழில் எழுதத் தெரிந்தவர்தான். ஆனால் இவன் எதிரில் இங்கிலீஷில் போட வேண்டும் என்று முடிவு கட்டினார். அப்பாவிடம் எழுத்தைக் கேட்டு வாங்கி, காகிதத்தில் அல்ல, செப்புத் தகட்டில் உளியால் செதுக்கிப் பழகினார். அவருக்குப் பேனா பிடிப்பதைவிட அது சுலபம். அதனால் அந்தக் கையெழுத்து கடைசிவரை ஒரு மாங்காமாலை போலவே இருந்தது. முதலெழுத்தின் வாலில் ஒரு கொடி, கடைசி எழுத்தின் தலையில் ஒரு மொட்டு. பதிவேட்டில் எழுதியதெல்லாம் அழிந்துபோனது. அந்தச் செப்புத் தகடு என்னிடம் இருக்கிறது.

அப்பா அதற்குள் பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதப் போய்விட்டார். மிளகு, சுக்கு மூட்டைகளுக்கு நடுவே முப்பது வருஷம். என்னைப் பட்டறைப் பக்கம் அண்டவிடவில்லை. “வாயால ஊதிச் சம்பாதிச்சது போதும்” என்பார். நான் படித்து வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தேன். அடகு வைக்க வந்தவர்களின் நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைப்பார். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு மாதச் சம்பளம்.

கலையைப் பிடித்துக்கொண்டது சித்தப்பா மகன். எனக்குத் தம்பி முறை. எழுபதுகளில் பாட்டாவிடமே உட்கார்ந்து கற்றவன். அவன் கை பழுத்து வரும் நேரத்தில் வளைகுடாப் பணமும் கண்ணாடிக் கடைகளும் வந்தன. அந்தக் கடைகளில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஏசி, குளிர்ந்த ஜூஸ், குழந்தைக்குப் பலூன். நகையை யார் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மெழுகில் வார்த்து, அச்சில் அடித்து, எங்கோ ஒரு மாடியறையில் வங்காளத்துப் பையன்கள் மெருகேற்றி அனுப்பியது. பில்லைப் பார்த்தால் பணிக்கூலியும் சேதாரமுமாகப் பன்னிரண்டு சதவீதம், பதினைந்து சதவீதம், கல் வேலை என்றால் அதற்கும் மேலே. இயந்திர வார்ப்பில் உண்மையில் வீணாவது சொற்பம். அதையும் விடாமல் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் நம்மவர்கள் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டு, அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டி, கடைக்காரர் தருகிற காலண்டரையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு குன்றிமணிக்காகத் தெருவில் கூச்சலிட்டவர்களின் பேரன் பேத்திகள்தான் இவர்கள். திருட்டுக்கு அச்சடித்த ரசீது கொடுத்தால் அது திருட்டில்லை என்பதைப் பாட்டாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பாவம்.

நடுவில் கேடிஎம் என்று ஒரு மோகம் வந்தது. பழைய பற்றில் செம்பும் வெள்ளியும் சேரும். உருக்கினால் மாற்று குறையும். காட்மியம் கலந்து பற்றவைத்தால் மாற்று குறையாது, ஏனென்றால் சூட்டில் காட்மியம் ஆவியாகிப் போய்விடும். எங்கே போகும்? ஊதுகிறவன் நெஞ்சுக்குள் போகும். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற சாமான் அது. ‘கேடிஎம்தானே?’ என்று பெருமையாகக் கேட்டு வாங்கியவர்கள் யாருக்கும் இது தெரியாது. தம்பி சில வருஷம் இருமிவிட்டு அதை நிறுத்தினான். பிறகு 916 முத்திரை வந்தது; 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானது; 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து எண்களில் தனி அடையாளம். நகைக்கு அடையாளம் கிடைத்தது நல்லதுதான். செய்தவனுக்கு மட்டும் அதில் இடமில்லை.

செய்தவனுக்கான அடையாள அட்டை 2023 செப்டம்பரில் வந்தது. பிரதமரின் விஸ்வகர்மா திட்டம். பதினெட்டுத் தொழில்களில் எங்கள் தொழிலும் ஒன்று. ஐந்தாறு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் படி, கருவி வாங்க 15,000 ரூபாய். நாற்பது வருஷத்துக்கு மேல் ஊதிக்கொண்டிருக்கிற தம்பி, தன்னில் பாதி வயதுள்ள ஒரு பையனிடம் சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டு சான்றிதழோடு வந்தான். “நல்ல பையன் அண்ணே. நானும் அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தேன்.”

தமிழ்நாடு இந்தத் திட்டம் வேண்டாம் என்றது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்த வயதைப் பதினெட்டிலிருந்து 35 ஆக்குங்கள் என்று கேட்டு, அது நடக்காததால் சாதி பார்க்காத ஒரு கைவினைத் திட்டத்தைத் தானே 2025இல் தொடங்கியது. ராஜாஜியின் 1953 கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து விரட்டிய ஊருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் அப்பாவைக் கேட்டிருந்தால் தமிழ்நாட்டின் பக்கம் நின்றிருப்பார். பாட்டனின் தொழில் பேரனுக்கு என்பது பாட்டனுக்கு வேறு வழியில்லாத காலத்தில் உண்டான ஏற்பாடு. ஆனால் எனக்கென்னவோ, 15,000 ரூபாயை வாங்கிப் புது கேஸ் டார்ச் வாங்கிய தம்பியைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அந்த டார்ச்சைத்தான் போர்ட் கொச்சியில் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

2012 டிசம்பரில் பினாலே என்ற கலைக் கண்காட்சி ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பழைய கிட்டங்கிகளுக்குப் புது யோகம். சுக்கு மூட்டை அடுக்கிய இடத்தில் காபிக் கடை, மிளகு புடைத்த முற்றத்தில் ஓவியக் கண்காட்சி. அப்படி ஒரு கிட்டங்கியில் ‘பாட்டன் கைவினை’ என்று நகை செய்யும் வகுப்பு நடக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் நடத்துகிறாள். சுறுசுறுப்பானவள், மரியாதை தெரிந்தவள். தம்பியைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். சாமான் பித்தளைக் கம்பியும் பச்சைக் கண்ணாடியும். மூன்று மணி நேரத்தில் ஒரு ஜோடி பாலக்காக் கம்மல் செய்துகொண்டு போகலாம். ஆளுக்கு வாங்குகிற கட்டணத்தைக் கேட்டபோது தம்பி என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன்.

டார்ச் சத்தம் போடுகிறது, படத்தில் நன்றாக இல்லை, ஊதுகுழல்தான் வேண்டும் என்றாள். பாட்டாவின் குழலை எப்போதோ பழைய பித்தளையோடு போட்டாகிவிட்டது. அவளே யூதத் தெருவில் ஒரு புராதனப் பொருள் கடையில் ஒன்றை வாங்கி வந்தாள். அதற்குக் கொடுத்த விலை பாட்டாவின் ஒரு வருஷக் கூலியைவிடக் கூடுதல். உள்ளே பச்சைக் களிம்பு. தம்பி புளி போட்டுக் கழுவி, துணி நூலைத் திணித்து இழுத்து, அரை நாள் பாடுபட்டு அதற்கு மூச்சு வரவைத்தான்.

வகுப்பன்று நானும் போனேன். டச்சுக்காரர் ஒருவர், மும்பையிலிருந்து ஒரு தம்பதி, கல்லூரிப் பெண்கள், மருத்துவர் ஒருவர். தம்பி கம்பியை நறுக்கி ஊதினான். துண்டு சிவந்து உருண்டபோது அறையே ‘ஆ’ என்றது. எல்லோரும் அவன் விரல்களை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தொலைபேசிகளும் அங்கேயே குறிவைத்திருந்தன. இத்தனை கண்கள் பார்த்தும் ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை. பித்தளையில் மாப்பொன் எடுக்க முடியாது என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். மரியாதை என்று அந்தப் பெண் நினைக்கிறாள். மருத்துவர் ஊதிப் பார்த்துவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்தார். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு மட்டும் கை உடனே படிந்துவிட்டது. பற்று ஓடும் கணத்தில் சரியாக ஊதலை நிறுத்தினாள். அவள் குடும்பத்தில் யாரும் இந்தத் தொழிலில் இல்லையாம், அப்பா ரயில்வேயாம். தம்பி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வாரத்தில் ஒருநாள் பட்டறைக்கு வரச் சொன்னான். காசு வேண்டாம் என்றும் சொன்னான். அவனிடம் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

முடிவில் ஒவ்வொரு கம்மலுக்கும் ஓர் அட்டை. சணல் கயிறு கட்டி, பழுப்புக் காகிதத்தில், இது முழுக்கக் கையால் செய்தது, பாட்டன் வழிவந்த கலைஞரின் மேற்பார்வையில் செய்தது என்று அச்சிட்டிருந்தது. கீழே கலைஞர் ஒப்பமிட வேண்டும். தம்பி பேனாவை எடுத்து அழகாக இங்கிலீஷில் போட்டான். பாட்டாவின் கொடியும் மொட்டும் அவன் கையெழுத்திலும் கொஞ்சம் உண்டு. இரண்டு அட்டை போட்டதும் அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. கையெழுத்துக்குப் பதிலா கைரேகை வெச்சா இன்னும் ஒரிஜினலா இருக்கும்.”

மைப்பெட்டி தயாராகக் கையிலேயே இருந்தது. நீல மை அல்ல, மண் நிறத்தில் ஏதோ ஒன்று. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டை விரலைத் தொட்டுத் தொட்டு எல்லா அட்டையிலும் வைத்து முடித்தான். கொஞ்சம்கூடப் பிசகாமல், எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில்.

வெளியே வந்து சாயாக் கடையில் விரலைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துக்கொண்டே சொன்னான்: “ரேகைக்குத் தனிக் கூலி கேட்டிருக்கணும் அண்ணே.”

அடுத்த வகுப்பில் கேட்டும்விட்டான். அட்டைக்கு இருபது ரூபாய். அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். கம்மல் வேலை சொல்லித்தருகிற கூலியை உயர்த்துவது பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.